உயர் நீதிமன்ற வளாகத்துக் கல்தூணும் கலங்கரை விளக்கம்தான்: சென்னையின் விளக்கு நான்கு இடம் கண்ட கதை

நீங்கள் கேட்டது இது: "உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வேலையாகப் போனேன். வளாகத்தின் ஓரத்தில் உயரமான கல்தூண் ஒன்று நிற்கிறது. அதுதான் பழைய லைட் ஹவுஸ் என்றார் ஒருவர். இன்னொருவர், இல்லை, நீதிமன்றத்தின் பெரிய கோபுரத்து உச்சியில்தான் விளக்கு எரிந்தது என்றார். நான் சின்ன வயதிலிருந்து பார்த்தது மெரினாவில் இருக்கும் சிவப்பு வெள்ளைக் கோபுரம். இதில் எது சரி? ஒரு ஊருக்கு எதற்கு இத்தனை விளக்கம்?"

மூன்றும் சரி. அவர்கள் இருவருமே சொல்லாமல் விட்ட நான்காவது ஒன்றும் இருக்கிறது. வரிசைப்படி பார்த்தால் அதுதான் முதலாவது. நான்கும் ஒரே காலத்தில் எரிந்தவை அல்ல. ஒன்று அணைந்த பிறகு அடுத்தது ஏற்றப்பட்டது. ஒரே விளக்கு 180 ஆண்டுகளில் மூன்று முறை வீடு மாறியது என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும். அந்த நான்கு வீடுகளில் இரண்டு சொந்த வீடு, இரண்டு அடுத்தவர் மாடி.

ஏன் மாறியது என்று புரிய, பழைய மதராஸின் கடற்கரையை முதலில் மனதில் கொண்டுவர வேண்டும். 1639-இல் ஆங்கிலக் கம்பெனி இங்கே இடம் வாங்கியபோது துறைமுகம் கிடையாது. கப்பல் நுழையும்படி ஒரு முகத்துவாரம், குடா, ஒதுங்க ஒரு தீவு, எதுவுமே கிடையாது. நீண்ட மணல்கரை, அதை ஓயாமல் அடிக்கும் அலை, அவ்வளவுதான். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் வெளியே ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வரவேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலையில் உடைந்துவிடும் என்பதால், பலகைகளைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும். கட்டுமரக்காரர்களும் மசூலா படகுக்காரர்களும் இல்லையென்றால் மதராஸ் என்ற வணிக நகரமே எழுந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். கோட்டையைக் கட்டியவர்களின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இவர்கள் ஒருவர் பெயரும் எதிலும் இல்லை.

இப்படிப்பட்ட கரையை நோக்கி இருட்டில் ஒரு கப்பல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் காட்ட மலை இல்லை. பரங்கிமலை உள்ளே தள்ளி இருக்கிறது, பகலில் உதவும், இரவில் தெரியாது. கரை எங்கும் ஒரே மாதிரித் தட்டை. ஊரைத் தாண்டிப் போய்விட்டால் காற்றை எதிர்த்துத் திரும்பி வருவது பெரும்பாடு. கொஞ்சம் அதிகமாக நெருங்கிவிட்டாலோ அலை இழுத்துக் கரையில் போட்டுவிடும். ஆகவே மதராஸ் விளக்குக்கு இரட்டை வேலை. ஊர் இங்கேதான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அந்தத் தூரத்திலேயே நில் என்றும் சொல்ல வேண்டும்.

சரி, முதல் விளக்கு. 1796-இல் அது ஏற்றப்பட்டது புனித ஜார்ஜ் கோட்டைக்குள். தனிக் கோபுரம் ஒன்றும் கட்டவில்லை. கோட்டையில் வணிகர்கள் கூடிப் பேரம் பேசும் கட்டடம் ஒன்று அப்போதுதான் எழுந்திருந்தது, பிறகு ராணுவ அதிகாரிகளின் உணவு விடுதியாகவும் இருந்தது. அதன் மொட்டை மாடியில் ஒரு பெரிய கூண்டு வைத்து, உள்ளே எண்ணெய்த் திரி விளக்குகளை எரித்தார்கள். இன்று கோட்டை அருங்காட்சியகம் என்று நாம் டிக்கெட் வாங்கி உள்ளே போகிறோமே, அதே கட்டடம்தான். 1948 முதல் அது அருங்காட்சியகம். உள்ளே போகிறவர்கள் வாள்களையும் நாணயங்களையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். தலைக்கு மேலே நகரத்தின் முதல் கலங்கரை விளக்கம் இருந்த மாடி என்பது பலருக்குத் தெரிவதில்லை. கப்பல் வருமா என்று கீழே வணிகர்கள் காத்திருக்க, வா என்று மேலே விளக்கு எரிந்த கட்டடம் அது. இதைவிடப் பொருத்தமான மாடி வேறு கிடைத்திருக்காது.

அன்று கடல் இன்றைக்கு இருப்பதுபோல் தள்ளி இல்லை, கோட்டையை ஒட்டியே இருந்தது. அதனால் கோட்டை மாடியே கடலோர விளக்குக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அரை நூற்றாண்டுக்குள் அது போதவில்லை. இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம், பயப்பட வேண்டாம். கடல் தட்டையானது அல்ல, வளைந்தது. விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும், அது நிற்கும் உயரத்தைப் பொறுத்த ஒரு தூரத்துக்குமேல் பூமியின் வளைவு மறைத்துவிடும். 30 மீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்குக்கு அடிவானம் சுமார் 11 கடல் மைல், அதாவது 21 கிலோமீட்டர் போல. கப்பலின் மேல்தளத்தில் நிற்பவரின் உயரமும் சேர்ந்தால் இன்னும் சில மைல் கூடும். உயரத்தை இரட்டிப்பாக்கினால் தூரம் இரட்டிப்பாகாது, ஒன்றரை மடங்குகூட வராது. தட்டையான ஊரில் வெளிச்சத்தைத் தூரம் அனுப்புவது ஏன் இவ்வளவு செலவு பிடித்த வேலை என்பது இதிலிருந்து தெரியும். மலை இருக்கும் ஊர்க்காரன் உச்சியில் சின்னக் கூண்டு வைத்தால் போதும். மதராஸ்காரன் மலையையே கட்ட வேண்டும்.

அப்படிக் கட்டியதுதான் நீங்கள் பார்த்த கல்தூண். கட்டுமானம் 1838 வாக்கில் தொடங்கியது. வடிவமைத்தவர் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஜே. டி. ஸ்மித். 1844 ஜனவரி 1 அன்று விளக்கு எரியத் தொடங்கியது. உயரம் சுமார் 125 அடி. அடுத்த முறை போகும்போது பக்கத்தில் நின்று நன்றாகப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை நீளவாக்கில் பள்ளம் பள்ளமாகக் கோடு இழுத்திருப்பார்கள். கிரேக்கக் கோயில் தூண்களில் டோரிக் என்று ஒரு பாணி உண்டு, அதன்படி செதுக்கியது. கல் மட்டும் நம்மூர்க் கல், பல்லாவரத்துப் பாறை. கடலோரம் உப்புக்காற்றில் 180 ஆண்டு நின்றும் அந்தக் கோடுகள் மழுங்காமல் இருக்கின்றன என்றால், கல்லும் நல்ல கல், செதுக்கிய கைகளும் நல்ல கைகள்.

உச்சியில் எரிந்தது ஆர்கண்ட் விளக்கு. 1780 வாக்கில் ஆர்கண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் கண்டுபிடித்த வகை. திரி தட்டையாக இருக்காது, குழாய் மாதிரி உள்ளே காலியாக இருக்கும். உள்ளேயும் வெளியேயும் காற்று போவதால் தீ முழுமையாக எரியும், புகை குறையும், வெளிச்சம் பல மடங்கு. ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் கிண்ணம் போன்ற வளைவான உலோகக் கண்ணாடி வைத்து வெளிச்சத்தைக் கடல் பக்கம் திருப்புவார்கள். தினமும் அந்தக் கண்ணாடிகளைத் துடைத்து மெருகேற்ற வேண்டும். கொஞ்சம் கரி படிந்தாலும் கடலில் தெரியும் தூரம் குறைந்துவிடும். எண்ணெயையும் துணியையும் சுமந்துகொண்டு தூணுக்குள் இருக்கும் படிகளில் நாள்தோறும் ஏறியவர்களை நினைத்தால் எனக்கு அந்தத் தூண்மேல் இருக்கும் மரியாதை இன்னும் கூடுகிறது.

அந்த இடத்தில் தூண் நிறுத்த வெட்டவெளி எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாத சங்கதி இது. உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் இருக்கும் பகுதியில்தான் பழைய கருப்பர் நகரம் இருந்தது. நெசவாளர்களும் வணிகர்களும் வாழ்ந்த நெருக்கமான ஊர், நடுவே சென்னகேசவப் பெருமாள் கோயில். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது கோட்டைச் சுவரை ஒட்டியிருந்த வீடுகளை இடித்தார்கள். ஊர் திரும்பக் கைக்கு வந்ததும், எதிரி மறுபடி வந்து வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்து சுடக்கூடாது என்று மிச்சத்தை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். கோயிலும் போயிற்று. பிறகு அது இன்றைய பூக்கடைப் பக்கம் புதிதாக எழுந்தது. இடித்த இடத்தைப் பீரங்கி சுடுவதற்கான திறந்தவெளியாக வைத்து, இதற்குள் யாரும் கட்டக்கூடாது என்று 1773-இல் எல்லைத் தூண்கள் ஆறு நட்டார்கள். அதில் ஒன்று இன்றும் பாரிமுனையில் இருக்கிறது. ஒரு ஊரையே அழித்து உண்டாக்கிய வெட்டவெளியில்தான் 1844-இல் அந்த விளக்கு நின்றது. தூணைப் பார்க்கும்போது இதையும் சேர்த்து நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

இனி நீதிமன்றக் கோபுரம். 1888-இல் தொடங்கி 1892-இல் உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. ஹென்றி இர்வின் வரைபடத்தை முடித்துக் கொடுத்தார், ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி. அதன் பெரிய கோபுரம் சுமார் 175 அடி, கல்தூணுக்கு அருகிலேயே, அதைவிட ஐம்பது அடி உயரமாக எழுந்து நின்றது. பக்கத்திலேயே தன்னைவிட உயர்ந்த ஒன்று வந்துவிட்டால் பழைய விளக்கை அங்கே வைத்திருப்பதில் அர்த்தமில்லை. 1894 ஜூன் 1 அன்று விளக்கு கோபுரத்தின் குமிழ் உச்சிக்குப் போனது. கல்தூண் 50 ஆண்டு உழைத்து ஓய்வுபெற்றது. ஆகவே உங்களிடம் பேசிய இருவருமே சரியாகத்தான் சொன்னார்கள். ஒருவர் 1844-ஐச் சொன்னார், மற்றவர் 1894-ஐ.

கீழே வழக்காடும் மன்றம், மேலே கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கு என்ற இந்த ஏற்பாடு 82 ஆண்டுகள் நீடித்தது. நான்கில் நீண்ட காலம் எரிந்தது இதுதான். இந்த விளக்கு எரிந்த காலத்தில்தான் மதராஸ் கடல் வழியாக வந்த தாக்குதலையும் பார்த்தது. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில், எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். ஊர் விளக்குகள் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தன. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் முதலில் குறிவைத்தது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. தொட்டிகள் பற்றி எரிந்தன. அரைமணி நேரத்துக்குள் நூற்றுக்கும் அதிகமான குண்டுகளை வீசிவிட்டு இருட்டில் மறைந்துவிட்டது. நீதிமன்ற வளாகச் சுவரிலும் ஒரு குண்டு விழுந்தது. அதைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இன்னும் இருக்கிறது. சேதத்தைவிடப் பயம் பெரிது, பலர் ஊரைக் காலிசெய்துகொண்டு போனார்கள். அந்தக் கப்பல் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அடிபட்டு முடிந்தது. ஆனால் "அவன் சரியான எம்டன்" என்று நாம் பேசும் பேச்சில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நண்பனைப் போல் வருகிறவனுக்கும் பகைவனைப் போல் வருகிறவனுக்கும் கலங்கரை விளக்கம் ஒரே மாதிரித்தான் வழிகாட்டும். போர்க்காலத்தில் எந்த நாட்டுக் கடற்கரைக்கும் அதுவே பெரிய கவலை.

இதற்கிடையில் கரையே மாறிக்கொண்டிருந்தது. 1870-களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அதை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடலோர மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். கடலுக்குள் நீட்டிய சுவர் அதை மறித்தது. மறித்த மணல் தெற்கே சேர்ந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. தெற்கே சேர்ந்த மணல்தான் மெரினா. உலகத்தின் பெரிய கடற்கரைகளில் ஒன்று என்று நாம் பெருமைப்படும் மணல்வெளி, துறைமுகச் சுவரின் பக்கவிளைவு. கோட்டை வாசலில் அலையடித்த கடல் இப்படித்தான் நம்மைவிட்டு விலகிப் போனது.

நான்காவது விளக்கு அந்தப் புது மணலின் தென்முனையில் எழுந்தது. 1977 ஜனவரி 10 முதல் எரிகிறது. தனக்கு முந்தியதைவிட உயரத்தில் பெரிய முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. கடல்மட்டத்திலிருந்து விளக்கின் உயரம் 57 மீட்டர், நீதிமன்ற உச்சியைவிடச் சில மீட்டர்தான் கூடுதல். மேலே பார்த்த கணக்கின்படி அடிவானம் அரை மைல்போலத்தான் தள்ளிப்போகும். மாறியது வெளிச்சத்தின் வலிமை. 28 கடல் மைல், கிட்டத்தட்ட 52 கிலோமீட்டர் எட்டக்கூடிய மின்விளக்கு இது. அவ்வளவு தூரத்தில் பூமியின் வளைவு மறைத்துவிடுமே என்று கேட்பீர்கள். பெரிய கப்பல்களின் மேல்தளம் மிக உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து பார்ப்பவருக்கு எட்டும். சின்னப் படகில் இருப்பவருக்கு இருபது மைலுக்குள் வந்தால்தான் தெரியும்.

கோபுரத்தின் வடிவம் முக்கோணம். சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்திருப்பது அழகுக்காக மட்டுமல்ல. இரவில் விளக்கு எப்படி அடையாளமோ அப்படிப் பகலில் கோபுரத்தின் நிறம் அடையாளம், மாலுமியின் வரைபடக் குறிப்பில் அதுவும் எழுதியிருக்கும். இரவு அடையாளம் விளக்கு மின்னும் முறை: பத்து வினாடிக்கு இரண்டு மின்னல். நகரம் முழுக்க விளக்குக் கடலாக ஆகிவிட்ட பிறகு, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எது தெருவிளக்கு, எது ஓட்டல் விளக்கு, எது கலங்கரை விளக்கம் என்று பிரித்துக் காட்டுவது இந்த மின்னல் கணக்குதான். ஒவ்வொரு விளக்கமும் பக்கத்திலிருப்பதிலிருந்து மாறுபட்ட கணக்கில் மின்னும், மாலுமி கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்து இது எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்.

இங்கே லிஃப்ட் இருப்பது அபூர்வம். பெரும்பாலான கலங்கரை விளக்கங்களில் சுற்றுப்படிதான். 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். இருபது ஆண்டுக்கு மேல் மூடியே இருந்து 2013 நவம்பர் 14 அன்றுதான் திறந்தார்கள். ஒரு தலைமுறை முழுக்க அடிவாரத்தில் விளையாடிவிட்டு மேலே ஏறாமலே வளர்ந்தது.

அப்புறம், மாடியைக் கடன் வாங்கும் வழக்கம் சென்னைக்கு மட்டும் உரியதல்ல. மாமல்லபுரத்தில் குன்றின்மேல் பல்லவர் காலத்துக் கோயில் ஒன்று இருக்கிறதே, 1887-இல் ஆங்கிலேயர்கள் அதன் மேலேதான் விளக்கு வைத்தார்கள். பக்கத்திலேயே வட்டமான கல் கோபுரம் கட்டி விளக்கை அதற்கு மாற்றியது பிறகு.

பெயரைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. கலம் என்றால் கப்பல் என்பது எல்லோருக்கும் தெரியும். கரை என்பதைக் கடற்கரை என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமே, அதே சொல். கலங்களை அழைக்கிற விளக்கம், கலங்கரை விளக்கம். பெரும்பாணாற்றுப்படையில் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஏணி சாத்தி ஏறவேண்டிய, வானத்தைத் தொடும் மாடம், அதன் உச்சியில் இரவில் மூட்டிய தீ, அது "ஓடுகலம் கரையும் துறை" என்று வருகிறது. தொண்டைநாட்டுத் துறை ஒன்றைப் பற்றிய பாட்டு அது, அதாவது நம் சென்னைக்குப் பக்கத்துக் கடற்கரை. சிலப்பதிகாரத்தில் புகார்க் கடற்கரையில் "கலங்கரை விளக்கம்" என்ற சொல்லே அப்படியே வருகிறது. 1796-ஐ முதல் விளக்கு என்று நான் மேலே எழுதியது மதராஸ் நகரத்துக்கு மட்டும். இந்தக் கரையில் மாடத்தில் தீ மூட்டிக் கலத்தை அழைத்தது அதற்குப் பல நூற்றாண்டு முந்திய வழக்கம். இலங்கைத் தமிழர்கள் வெளிச்சவீடு என்கிறார்கள், அதுவும் எனக்குப் பிடித்த சொல். பெயர்ப்பலகையில் எப்படி எழுதினாலும் சென்னையில் வாய்ப்பேச்சில் லைட் ஹவுஸ்தான்.

நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். காலையில் கோட்டை அருங்காட்சியகம் போய் அந்தக் கட்டடத்தின் மாடியைக் கீழிருந்தே அண்ணாந்து பாருங்கள். வெளியே வந்து ராஜாஜி சாலையில் வடக்கே கொஞ்சம் நடந்தால் கல்தூணும் நீதிமன்றக் கோபுரமும் ஒரே பார்வையில் தெரியும் இடம் கிடைக்கும். வளாகத்துக்குள் பாதுகாப்புக் கெடுபிடி உண்டு, சாலையிலிருந்து பார்ப்பதே சுலபம். அங்கே ஒரு நிமிடம் நின்று, ஓய்வுபெற்ற இரண்டு விளக்குகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள். பிறகு பஸ் பிடித்து ஐந்தாறு கிலோமீட்டர் தெற்கே மெரினா முனைக்கு வாருங்கள். பறக்கும் ரயிலில் வந்தால் நிலையத்தின் பெயரே கலங்கரை விளக்கம். மேலே போனதும் எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள், நீங்கள் வடக்கே திரும்புங்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில் மணலின் அந்தக் கோடிக்கு அப்பால் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். அவற்றுக்கு இடது பக்கமாக, கட்டடங்களுக்கு நடுவே, நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரத்தைத் தேடுங்கள்.